ஆளை நிலக்காட்சிக்குள் நிறுத்துவது: எந்த வண்ணத்தில் பழகலாம்?

நிலக்காட்சி ஓரளவு கைவந்துவிட்டது. தூரத்து மலை வெளிறிப் பின்வாங்குகிறது, நடுவில் மரங்கள் மங்கலாக நிற்கின்றன, பார்த்தால் அப்படியே உள்ளே நடந்து போகலாம் போல இருக்கிறது. சரி, இப்போது ஒரு ஆளை நிறுத்துவோம் என்று பிரஷை எடுத்து நாலு தீற்று தீற்றியதும் அதுவரை படத்தில் இருந்த காற்று முழுக்கப் போய்விடுகிறது. கத்தரித்து மேலே ஒட்டியதுபோல அந்த ஆள் தனியாகத் தெரிகிறார். இந்த இடத்தில்தான் பலருக்கும் வண்ணத்தை மாற்றிப் பார்க்கலாமா என்ற யோசனை வருகிறது. வாட்டர் கலரா, ஆயிலா, அக்ரிலிக்கா, அடியை மறைக்கும் நீர்வண்ணமான குவாஷா, இல்லை பேசாமல் டேப்லெட்டில் பழகிவிடலாமா?

இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில்கள் எது சீக்கிரம் காயும், எதில் வாடை வரும், எதைக் கழுவுவது சுலபம் என்ற அளவில் நின்றுவிடும். அவையும் வேண்டியவைதான். ஆனால் காற்றுக்குள் ஆளை நிறுத்தப் பழக வேண்டும் என்பவருக்கு நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் முன்னால் வைப்பேன்: ஆளும் காற்றும் சந்திக்கிற அந்த ஓரத்தை, படத்தைக் கெடுக்காமல், எத்தனை தடவை திருத்தலாம்? முதல் முறையே அது யாருக்கும் சரியாக வராது. இரண்டாவது, ஐந்தாவது முறையும் வராமல் போகலாம். திருத்தித் திருத்தித்தான் கண் பழகும், ஆகவே திருத்த விடாத வண்ணத்தில் தொடங்குவது கைக்குப் பயிற்சி கொடுக்கலாம், கண்ணுக்குக் கொடுக்காது.

வண்ணங்களுக்குப் போகும் முன் காற்று என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பேசியாக வேண்டும், ஏனென்றால் ஒப்பீடு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. நமக்கும் தூரத்துப் பொருளுக்கும் நடுவே உள்ள காற்று வெயிலைச் சிதறடிக்கிறது. குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளி அதிகமாகச் சிதறுவதால் தூரத்தில் இருக்கும் கருமையான பொருள்மேல் ஒரு நீல வெளிச்சம் ஏறிவிடுகிறது, காடு மூடிய மலை நீலமாகத் தெரிவது அதனால்தான். வெள்ளையான பொருளுக்கு நேர் எதிராக நடக்கும். அதிலிருந்து புறப்பட்ட ஒளியில் நீலம் வழியிலேயே குறைந்துவிடுவதால் தூரத்துப் பனிச்சிகரமும் மேகமும் லேசான மஞ்சள் சாயலோடு தெரியும். மூடுபனியில் கதை வேறு. அதிலுள்ள நீர்த்துளிகள் பெரியவை, எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறடிக்கும், அதனால் வெண்சாம்பல். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் போதும்: தூரம் கூடக்கூட முதலில் மாறுவது இருட்டு. வெளிச்சமான இடங்கள் மெதுவாகத்தான் மாறும். மூட்டத்தில் தூரத்து ஆளின் வெள்ளைச் சட்டை ஏறத்தாழ அப்படியே இருக்கும், கருப்புத் தலைமுடியோ சாம்பலாகிவிட்டிருக்கும். தொடங்குபவர்கள் இரண்டையும் ஒரே அளவு மங்கலாக்குவார்கள், இல்லை என்றால் முடி கருப்புதானே என்று கருப்பையே வைப்பார்கள்.

இதில் எனக்கே வெகுநாள் பிடிபடாத ஒரு விஷயம் உண்டு. தெளிவான நாளில் காற்றின் மங்கல் நன்றாகத் தெரிய சில கிலோமீட்டராவது வேண்டும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மனிதரோ ஒரு புள்ளி. அதாவது கண்ணுக்கு ஆள் என்று தெரிகிற தூரத்துக்குள் காற்று அவரைத் தொடுவதே இல்லை! ஐம்பது மீட்டரில் நிற்பவரும் இருநூறு மீட்டரில் நிற்பவரும் தெளிவான வெயிலில் ஏறத்தாழ ஒரே அழுத்தத்தோடுதான் இருப்பார்கள், வித்தியாசம் அளவில் மட்டும்தான். தெளிவான நாள் காட்சியை வரைந்துகொண்டு, தூரத்து ஆளை மலையைப்போல நீலமாக்கினால் அது பொய்யாகத் தெரிவதன் காரணம் இதுதான். பீட்டர் புரூகெல் 1565-இல் வரைந்த பனிக்கால வேட்டைக்காரர்கள் படத்தைப் பாருங்கள், தற்போது வியன்னாவில் இருக்கிறது. முன்னால் பெரிய கருமையான வேட்டைக்காரர்கள், கீழே பள்ளத்தாக்கில் உறைந்த குளங்களின்மேல் எறும்புபோல ஆட்கள். அந்தச் சின்ன ஆட்களை அவர் மங்கலாக்கிக் கரைக்கவில்லை, வெளிறிய பனிக்கட்டிமேல் அவர்களும் கருமையாகத்தான் தெரிகிறார்கள். அளவை வைத்தே அவ்வளவு தூரத்தையும் காட்டிவிட்டார்.

மூடுபனி, தூசி, புகை, சூரியனை நோக்கிய பார்வை, இவற்றில்தான் ஆள்மேல் காற்று ஏறுவதைக் கண்ணால் பார்க்கலாம். வானிலைக் கணக்கில் பார்வைத் தூரம் 1 கிலோமீட்டருக்குக் குறைந்தால்தான் அது மூடுபனி. பார்வைத் தூரம் 200 மீட்டர் உள்ள ஒரு காலையை எடுத்துக்கொள்வோம். கருப்பு உடையில் நால்வர் 25, 50, 75, 100 மீட்டரில் நிற்கிறார்கள். ஒவ்வொரு 25 மீட்டருக்கும் ஆளுக்கும் பின்னணிக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 40 சதவீதம் குறைந்துகொண்டே போகும். முதல் ஆளிடம் 61 சதவீதம் மிஞ்சியிருக்கும், அடுத்தவரிடம் 38, பிறகு 23, கடைசி ஆளிடம் 14. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், அவை இறங்கும் விதத்தைப் பாருங்கள். முதல் படி பெரியது, போகப்போகப் படிகள் சின்னதாகின்றன. நாம் எல்லோரும் வரையும்போது சமமான படிகளாகப் பிரித்துவிடுகிறோம், அதனால் பின்னால் இருப்பவர்கள் தேவைக்கு மேல் பிரிந்து நிற்கிறார்கள், முன்னால் நிற்பவர் அவர்களோடு ஒட்டிக்கொள்கிறார்.

இனி வண்ணங்கள்.

முதலில் வாட்டர் கலர், ஏனென்றால் மூடுபனி என்றதும் எல்லோருக்கும் மனதில் வருவது அதுதான். காற்றை வரைய இதைவிட அழகான வண்ணம் கிடையாது என்று நானும் நம்புகிறேன். ஈரத் தாளில் நிறத்தை விட்டால் அதுவே பரவி, மங்கி, ஓரமில்லாமல் போகிறது, மற்ற வண்ணங்களில் மெனக்கெட்டுச் செய்ய வேண்டியதை இதில் தண்ணீர் தானாகச் செய்துகொடுக்கிறது. ஆனால் அந்த ஈரத்துக்குள் ஒரு ஆளை நிறுத்த வேண்டிய நேரம் வரும்போது கணக்கு மாறிவிடும். தாள் மிக ஈரமாக இருந்தால் ஆள் கரைந்து மரமாகிவிடுவார். காய்ந்துவிட்டால் கத்திபோல ஓரம் விழும். நடுவில், மினுமினுப்பு மட்டும் போய் ஈரம் மிஞ்சியிருக்கும் சில நிமிடங்களில், தாளில் இருப்பதைவிடக் கெட்டியான நிறத்தை எடுத்து வைக்க வேண்டும். பிரஷில் தண்ணீர் கொஞ்சம் கூடிப்போனால் அது நிறத்தை விரட்டிக்கொண்டு போய்க் காலிஃபிளவர் பூவைப்போல ஒரு கறையை விட்டுவிடும். வைத்தது தவறு என்றால் எடுப்பதும் கடினம். அல்ட்ராமரைன், கோபால்ட் போன்ற நீலங்களை ஈரப் பிரஷால் ஓரளவு எடுத்துவிடலாம், தாலோ நீலம் தாளில் ஊறிவிட்டால் அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல், காய்ந்ததும் வாட்டர் கலர் வெளிறும். ஆள் எவ்வளவு கருமையாக இருக்க வேண்டும் என்பதே நாம் கற்க வந்த பாடம், அப்படியிருக்க வைக்கும்போது ஒரு அளவும் காய்ந்தபின் வேறொரு அளவுமாக மாறுகிற வண்ணத்தில் அதைப் படிப்பது இரட்டை வேலை. வெளிச்சத்தில் நிற்கும் ஆளை இருண்ட மரத்தின் முன்னால் காட்ட வேண்டுமானால் அவருக்கான இடத்தை முதலிலேயே வெள்ளையாக விட்டு, சுற்றிலும் வரைய வேண்டும். மாஸ்கிங் திரவம் போட்டு மறைக்கலாம், ஆனால் அதை உரித்தெடுத்ததும் மிஞ்சுவது கூர்மையான ஓரம், நாம் தேடுவதோ மென்மையான ஓரம். நான் ஒரு காலையில் நல்ல கனமான (300 ஜிஎஸ்எம்) தாளில் மனதுக்குப் பிடித்த ஒரு மூட்டத்தைக் கொண்டுவந்துவிட்டு, அதில் நடந்துவரும் ஒரு ஆளை வைத்து மூன்றே தீற்றில் எல்லாவற்றையும் இழந்தேன். அன்று கெட்டது அந்த ஒரு ஆள் மட்டும்தான், ஆனாலும் முழுத் தாளையும் கைவிட வேண்டியிருந்தது. மனித உருவம் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு வாட்டர் கலர் பெரிய சந்தோஷம். உருவமும் காற்றும் இரண்டும் புதிது என்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

அக்ரிலிக்கைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். அதன் பலம் எத்தனை தடவை வேண்டுமானாலும் மேலே வரையலாம் என்பது, காய்ந்தது காய்ந்ததுதான், அடியில் இருப்பது கலைந்து வராது. மெல்லிய வெண்சாம்பலை அடுக்கடுக்காகப் பூசி மூட்டத்தை ஏற்றுவதற்கு மிகவும் தோதானது. ஆனால் ஓரத்தை மென்மையாக்கும் முன்பே நிமிடங்களில் காய்ந்துவிடும். தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்தாலும் கொஞ்சநேரம்தான் கிடைக்கும். காய்ந்ததும் சற்றுக் கருமையாகிவிடுவதால் தூரத்து ஆட்கள் நாம் நினைத்ததைவிட முன்னால் வந்து நிற்பார்கள். ஓரங்கள்தான் நம் பாடம் என்னும்போது, ஓரத்தில் அவசரப்படுத்தும் வண்ணம் இது. ஏற்கெனவே அக்ரிலிக் வைத்திருப்பவர் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை, மூட்டத்தை அடுக்காகப் போடவும், அடுத்த அடுக்குக்கு அடியில் ஆளை வைத்து மறைத்துப் பார்க்கவும் பயன்படுத்தலாம். ஆளை முழு அழுத்தத்தில் வரைந்து, காய்ந்தபின் அவர்மேல் ஒரு மெல்லிய மூட்டத்தை இழுப்பது அக்ரிலிக்கில் மற்றவற்றைவிடச் சுலபம்.

ஆயில் பெயிண்ட்தான் இந்த விஷயத்துக்கு மிகவும் பொருத்தமானது என்பது என் கருத்து, அதற்குக் காரணம் பாரம்பரியமோ பெருமையோ இல்லை. முதல் காரணம் நேரம். காலையில் வைத்த ஆளின் ஓரத்தை மாலையிலும் காய்ந்த மென்மையான பிரஷால் பின்னணிக்குள் இழுத்துவிடலாம். பிடிக்கவில்லையா, பேலட் கத்தியால் ஆளை வழித்து எடுத்துவிட்டுப் பின்னணியைச் சரிசெய்து திரும்ப வைக்கலாம், ஒரே நாளில் பத்துத் தடவை. இரண்டாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. காய்ந்த கருமையின்மேல் வெளிறிய நிறத்தை மிக மெல்லியதாகத் தேய்த்தால், அதை ஸ்கம்பிள் என்பார்கள், அந்த இடம் நீலச் சாயலோடு குளிர்ந்துபோகும், பேலட்டில் நீலமே இல்லாவிட்டாலும். மெல்லிய வெள்ளை அடுக்கு குறைந்த அலைநீள ஒளியைக் கூடுதலாகச் சிதறடிப்பதுதான் காரணம். அதாவது தூரத்து மலைமேல் காற்று செய்யும் வேலையைக் கேன்வாஸ்மேல் பெயிண்ட் செய்கிறது. ஆள் முன்னால் வந்துவிட்டார் என்று தோன்றினால் காய்ந்ததும் அவர்மேல் ஒரு ஸ்கம்பிள் போதும், இருபது அடி பின்னால் போய் நிற்பார்.

பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள, பிரெஞ்சு ஓவியர் மிய்யேவின் கதிர் பொறுக்கும் பெண்கள், 1857-ஆம் ஆண்டுப் படம், இதற்கு நல்ல உதாரணம். முன்னால் மூன்று பெண்கள் குனிந்து நிற்கிறார்கள், கனமான கரிய உருவங்கள். அவர்களுக்குப் பின்னால் வெகுதூரத்தில் அறுவடைக் கூட்டம், வைக்கோற்போர், வண்டி, குதிரைமேல் ஒருவர், எல்லாம் தானியத்தின் பொன்நிறத் தூசிக்குள். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் முகம் கிடையாது. வைக்கோலின் நிறத்திலேயே கொஞ்சம் கூட்டிக் குறைத்து வைக்கப்பட்ட சிறு தீற்றுகள், ஆனாலும் வேலை செய்கிற மனிதர்கள் என்று சட்டென்று தெரிகிறது. தூரத்து ஆட்களை உடையின் நிறத்திலிருந்து தொடங்கி மங்கலாக்கிக்கொண்டு போவதைவிட, காற்றின் நிறத்திலிருந்து தொடங்கி அதில் ஆளைக் கொஞ்சமாகக் கலந்து எடுப்பது சரியான வழி என்பதை அந்தப் படத்தை நகல் எடுத்துப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

ஆயிலின் குறைகளும் சின்னவை கிடையாது. டர்பென்டைன் போன்ற கரைப்பான் இருந்தால் காற்றோட்டமான இடம் வேண்டும், சின்ன அறையில் படுக்கைக்குப் பக்கத்தில் வைத்து வரைவது நல்லதில்லை. அடியில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப்போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும், மாறினால் பின்னாளில் வெடிப்பு விழும். ஸ்கம்பிள் போடுவதற்கு அடி அடுக்கு காயும்வரை நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். தினமும் ஒன்று முடித்துப் பழக நினைப்பவருக்கு இந்தக் காத்திருப்பு எரிச்சலூட்டும்.

இந்த இடத்தில்தான் குவாஷ் வருகிறது, பலரும் இதை யோசிப்பதே இல்லை. வாட்டர் கலரின் குடும்பம்தான், ஆனால் அடியை மறைக்கும். வெளிச்சத்தைக் கருமைமேலும் வைக்கலாம், ஆகவே ஆளுக்காக இடம் விட வேண்டிய கட்டாயம் இல்லை. காய்ந்தபின்னும் ஈரப் பிரஷால் தொட்டால் ஓரம் திரும்ப இளகும், இதைக் குறையாகச் சொல்வார்கள், எனக்கோ அதுதான் இதன் பெரிய நன்மை: நேற்று வைத்த ஆளின் கால்களை இன்று தரையில் கரைத்துவிட முடிகிறது. அடியில் உள்ளது கலைந்து வராமலிருக்கத் தண்ணீரைக் குறைத்துக் கெட்டியாக வைக்கப் பழக வேண்டும். கருமையான நிறங்கள் காய்ந்ததும் சற்று வெளிறும், வெளிர்நிறங்கள் சற்றுக் கருக்கும், அதைப் பிடித்துக்கொள்ள சில வாரம் ஆகும். வாடை இல்லை, உள்ளங்கை அகலப் படம் முக்கால் மணி நேரத்தில் முடியும், அதே காட்சியை ஒரு வாரத்தில் ஏழு முறை வரையலாம். குவாஷ் கைவசம் இல்லை என்றால் போஸ்டர் கலரிலும் தொடங்கலாம், நிறத்தின் தரம் குறையும், பாடம் அதேதான். நான் யாருக்கு யோசனை சொன்னாலும் முதல் மூன்று மாதத்துக்கு இதைத்தான் சொல்கிறேன், அதுவும் முதல் மாதம் கருப்பும் வெள்ளையும் மட்டும்.

ஏன் கருப்பு வெள்ளை என்றால், காற்றுக்குள் ஆள் நிற்கிறாரா இல்லையா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் டோன்தான், அதாவது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பதுதான், நிறம் அப்புறம்தான். காற்றுக்கென்று ஒரு சாம்பலைத் தாராளமாகக் கலந்து பேலட்டின் நடுவில் குவித்துவிடுங்கள், அது வானம் தரையைத் தொடும் இடத்தின் டோன். ஒவ்வொரு ஆளையும் அவருடைய கருமையோடு அந்தச் சாம்பலைக் கலந்துதான் வைக்க வேண்டும், முன்னால் இருப்பவருக்குக் கொஞ்சம், அடுத்தவருக்குத் திடீரென்று நிறைய, பிறகு இன்னும் கொஞ்சம். மேலே சொன்ன 61, 38, 23, 14 நினைவிருக்கட்டும், ஆனால் பெயிண்ட் கணக்குப்படி கலக்காது, கண்ணை இடுக்கிப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும். கண்ணை இடுக்கும்போது கடைசி ஆள் கிட்டத்தட்ட மறைந்துபோனால் நல்ல அறிகுறி.

டேப்லெட்டை வண்ணத்துக்கு மாற்றாகப் பார்க்காமல் சோதனைச்சாலையாகப் பார்த்தால் அதன் அருமை தெரியும். கிரிட்டா போன்ற இலவச மென்பொருளே போதும். ஒவ்வொரு ஆளையும் தனி லேயரில் முழுக் கருப்பாக வரைந்து, இரண்டு லேயருக்கு நடுவிலும் காற்றின் நிறத்தில் 40 சதவீத அடர்த்தியுள்ள ஒரு லேயரைப் போடுங்கள். மூடுபனி ஏறத்தாழ எப்படி வேலை செய்கிறதோ அப்படியே திரையில் வந்துவிடும். அந்த 40-ஐ 20 ஆக்கினால் காலை எட்டு மணி, 60 ஆக்கினால் ஆறு மணி. ஆளைத் தேர்ந்தெடுத்து முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த அளவில் எந்த இடத்தில் சரியாக நிற்கிறார் என்று ஒரு மாலைக்குள் ஐம்பது முறை பார்த்துவிடலாம், காகிதத்தில் அதற்கு ஒரு வருடம் ஆகும். ஆனால் பழகுவதற்கே அதை மட்டும் நம்பினால் இரண்டு ஆபத்துகள் பார்த்திருக்கிறேன். பெரிதாக்கிப் பெரிதாக்கித் தூரத்து ஆளுக்கும் கண் மூக்கு வரைந்துவிடுகிறோம். மூட்டம் வேண்டுமென்றால் ஏர்பிரஷை எடுத்து எல்லா இடத்திலும் ஊதிவிடுகிறோம், எல்லா ஓரமும் மென்மையாகிவிட்டால் எதுவும் தூரமாகத் தெரியாது. கூர்மையான ஒரு ஓரம் எங்கேயாவது இருந்தால்தான் மற்றவை பின்னால் போகும்.

எந்த வண்ணத்தை எடுத்தாலும் ஆளின் அளவு தவறினால் காற்று காப்பாற்றாது, அதனால் இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சமதரையில் நாம் நின்றுகொண்டு பார்க்கிறோம் என்றால் தொடுவானம் நம் கண் மட்டத்தில் இருக்கும். நம் உயரமுள்ள எல்லோருடைய கண்களும், ஐந்து மீட்டரில் நின்றாலும் ஐம்பது மீட்டரில் நின்றாலும், அந்தக் கோட்டிலேயே விழும். மாறுவது பாதங்கள் மட்டும்தான், பக்கத்தில் இருப்பவரின் பாதம் கீழே, தூரத்தில் இருப்பவரின் பாதம் கோட்டை நெருங்கி. ஐம்பது மீட்டரில் நிற்பவர் ஐந்து மீட்டரில் நிற்பவரின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு. உட்கார்ந்து வரைந்தால் தொடுவானம் எல்லோரையும் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவில் வெட்டும், அதுவும் எல்லோரையும் ஒரே இடத்தில். மேட்டில் நின்று பார்த்தால் எல்லோரும் கோட்டுக்குக் கீழே போய்விடுவார்கள், அப்போதும் ஒரு ஆளின் உயரத்துக்கும் அவர் பாதத்திலிருந்து தொடுவானம் வரை உள்ள தூரத்துக்கும் இருக்கும் விகிதம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும். இந்த ஒரு விதி போதும், தூரத்து ஆட்கள் குழந்தைகளாகவோ ராட்சதர்களாகவோ ஆகாமல் இருப்பார்கள். தூரத்து ஆளுக்குத் தலையைச் சின்னதாக வையுங்கள், உடலைக் கீழே குறுகிக்கொண்டே வரும் ஒரு கேரட்டைப்போல இழுங்கள், பாதங்களை வரைய வேண்டாம். நடப்பவர் என்றால் ஒரு காலைக் கொஞ்சம் குட்டையாக விட்டால் போதும்.

எதைப் பார்த்து வரைவது என்பதும் வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதைப்போலவே ஒரு முடிவுதான். போட்டோ வசதியானது, ஆட்கள் நகர மாட்டார்கள். ஆனால் இன்றைய போன் கேமராக்கள் காட்சியின் கான்ட்ராஸ்டைத் தாமாகவே கூட்டி மங்கலைக் குறைத்துவிடுகின்றன, அதாவது நாம் படிக்க வந்த பாடத்தை முதலிலேயே அழித்துவிடுகின்றன. அகலக் கோண லென்ஸ் பக்கத்து ஆளைப் பெரிதாக்கித் தூரத்து ஆளை எங்கேயோ கொண்டுபோய்விடும், ஜூம் செய்தால் இருவரும் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். வெளியே போய் வரைந்தால் காற்று உண்மையாகக் கிடைக்கும், ஆட்கள் கிடைக்க மாட்டார்கள், ஒருவர் நம் பார்வையில் இருப்பது அரை நிமிடம்தான். அதனால் நான் இரண்டையும் பிரித்துக்கொண்டேன். காற்றை வெளியே, சூரியனை நோக்கி நின்று, காலையில் குவாஷில் ஆளில்லாமல் வரைவேன். மூட்டம் மிகவும் ஒளிர்வது சூரியன் இருக்கும் பக்கமாகப் பார்க்கும்போதுதான், அந்த நேரத்தில் எதிரே வருபவர்கள் எல்லோரும் வெறும் நிழலுருவங்கள், விவரம் என்று எதுவுமே இருக்காது, தொடங்குபவருக்கு அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. ஆட்களைத் தனியாக ஒரு சின்ன நோட்டில் அரை நிமிடக் கோடுகளாகச் சேர்ப்பேன், ஒவ்வொருவர் மேலும் தொடுவானம் எங்கே வெட்டியது என்று ஒரு கோடு போட்டு வைப்பேன். வீட்டில் இரண்டையும் சேர்க்கும்போது அந்தக் கோடுதான் உதவும்.

பழைய ஓவியங்களை நகல் எடுப்பதும் வழிதான், ஆனால் எதை எடுப்பது என்பதில் கவனம் வேண்டும். காஸ்பார் டேவிட் ஃபிரெட்ரிக் சுமார் 1818-இல் வரைந்த மூட்டக் கடலைப் பார்த்து நிற்கும் மனிதரின் படத்தை எல்லோரும் நகல் எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன். அதில் முன்னால் நிற்கும் ஒரே ஒரு ஆள்தான், கரிய கோட்டில், கரிய பாறைமேல். மூட்டம் அவருக்குப் பின்னால்தான் தொடங்குகிறது, அவர்மேல் காற்று ஏறவே இல்லை. மூட்டத்தின் அடுக்குகளைப் படிக்க நல்ல படம், மூட்டத்துக்குள் ஆளை வைக்கப் படிக்க உதவாது. அதற்கு மிய்யே வேண்டும், அல்லது சீனத்தின் குவோ ஷி. 1072-ஆம் ஆண்டு அவர் பட்டில் மையால் வரைந்த இளவேனில் மலைக்காட்சி தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரமான அந்தப் படத்தில் மனிதர்கள் கீழே, நீர் ஓரமாக, தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய அளவில். உயரம், ஆழம், சமதளம் என்று தூரத்தை மூன்று வகையாகப் பிரித்தவர் அவர். பெரும்பாலும் மையையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு, மலையின் இடுப்பில் மூட்டத்துக்காகப் பட்டுத்துணியை வெறுமையாக விட்டு, அவ்வளவு காற்றைக் கொண்டுவந்திருக்கிறார். கருப்பு வெள்ளையில் ஒரு மாதம் செலவிட வேண்டுமா என்று தயங்குபவர்களுக்கு நான் அந்தப் படத்தைத்தான் காட்டுகிறேன்.

ஆகவே, யார் எதை எடுப்பது? மனித உருவம் கையில் இல்லை, இடமும் குறைவு என்றால் குவாஷ், தயங்காமல். உருவம் வரும், காற்றுதான் வரவில்லை என்பவர் அறையில் ஜன்னல் இருந்தால் ஆயிலுக்குப் போகலாம், அந்த ஸ்கம்பிளை ஒருமுறை பார்த்துவிட்டால் திரும்ப மாட்டீர்கள். காற்று அழகாக வருகிறது, ஆளை வைத்ததும் கெடுகிறது என்பவர் பெரும்பாலும் வாட்டர் கலர்காரர், அவர் அதை விட்டுவிட வேண்டாம், மூன்று மாதம் குவாஷில் ஆட்களை மட்டும் வைத்துப் பழகிவிட்டுத் திரும்பினால் போதும், அப்போது அந்த அரை ஈரத் தாளில் எந்தக் கருமையை எடுக்க வேண்டும் என்று கைக்கே தெரிந்திருக்கும். டேப்லெட் யாரிடம் இருந்தாலும் பக்கத்தில் இருக்கட்டும். அக்ரிலிக்கை நான் யாருக்கும் முதலாவதாகச் சொல்வதில்லை.

நாளைக்கே தொடங்குபவர் ஒரு உள்ளங்கைத் தாளில் மூன்று ஆட்களை வைத்துப் பாருங்கள், ஒரே தொடுவானத்தில் மூன்று தலைகள். மூன்றாவது ஆளின் கால்களை வரையாமல் தரையின் சாம்பலிலேயே விட்டுவிடுங்கள், அவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பார்ப்பவரின் கண் சேர்த்துக்கொள்ளும்.